வீட்டு இன்வெர்ட்டரை லாரி கேபினில் பொருத்தலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய பீனிக்ஸ் பகுதி ஓட்டுநர் ஒருவர், 2025 ஜூன் 3

மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 1200 வி.ஏ. டிராலி இன்வெர்ட்டர் (சக்கரப் பெட்டிக்குள் பேட்டரியோடு வருவது) இப்போது வீட்டில் சும்மா கிடக்கிறது. நான் டர்பன்–ஜொகன்னஸ்பர்க் வழியில் ஓட்டுகிறேன். அதைக் கேபினில் வைத்து 700 வாட் மைக்ரோவேவை ஓட்டினால், வீட்டில் கட்டிக் கொடுக்கும் சோற்றையும் பீன்ஸ் கறியையும் வழியில் சூடாக்கிச் சாப்பிடலாம். 1200 என்பது 700ஐ விடப் பெரியதுதானே? லாரியில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஜூன் 3, இரவு

வேண்டாம் அண்ணா. அந்த இன்வெர்ட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

டிராலியின் மேல் 1200 என்று பெரிதாக எழுதியிருப்பது வோல்ட்-ஆம்பியர் கணக்கு. வாட் கணக்கு அல்ல. பெட்டியின் பின்புறத் தகட்டைப் பாருங்கள். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் 720 வாட் என்றுதான் சிறிய எழுத்தில் இருக்கும். மைக்ரோவேவில் எழுதியிருக்கும் 700 வாட் என்பதோ உணவுக்குள் போய்ச் சேரும் சூட்டின் அளவு. அந்தச் சூட்டைக் கொடுக்க அடுப்பு சுவரிலிருந்து 1100 முதல் 1200 வாட் வரை இழுக்கும். அதுவும் அடுப்பின் பின்புறத் தகட்டில் இருக்கும். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 720ஐயும் 1200ஐயும்தான். மைக்ரோவேவ் தொடங்கும் நொடியில் இன்வெர்ட்டர் சத்தமிட்டுத் தன்னை அணைத்துக்கொள்ளும். அணைக்காவிட்டால் அதைவிட மோசம்.

இன்னொன்று: உங்கள் டிராலி ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. உங்கள் லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து இழுப்பதைப் பற்றி நாளை தனியாக எழுதுகிறேன். அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் அல்ல அது.

ஜூன் 4

டர்பனின் ஜேக்கப்ஸ் பக்கத்துப் பணிமனைகளில் லாரிகளின் மின்பணி செய்துவருபவன் நான். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக் கெட்டுப்போன ஜோடிகள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பேட்டரிகளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது பேட்டரிகளை நிரப்பும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டரியாகத்தான் பார்க்கிறது. மொத்தத்தில் 28 வோல்ட்டைத் தாண்டினால் போதும் என்பது அதன் கணக்கு. ஒன்றிலிருந்து மட்டும் நீங்கள் இரவெல்லாம் இழுத்தால், காலையில் ஒன்று காலியாகவும் மற்றொன்று நிறைந்தும் இருக்கும். இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், காலியான பேட்டரி 13 வோல்ட்டிலேயே தடுமாற, நிறைந்த பேட்டரி 15 வோல்ட் வரை தள்ளப்படும். ஒன்று ஒருநாளும் முழுதாக நிறையாது. அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். மற்றொன்று நாள்தோறும் கொதித்து நீரை இழக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பேட்டரியில் தகடுகளின் தலை நீருக்கு மேலே வெளுத்துத் தெரியும். பக்கத்துப் பேட்டரியில் நீர் அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை என்று ஓட்டுநர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும்.

கேபினில் 12 வோல்ட் கட்டாயம் தேவை என்றால், 24ஐ 12 ஆக்கித் தரும் மாற்றியை இரண்டு பேட்டரிகளுக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். மைக்ரோவேவ் போன்ற பெரிய சுமைக்கு அதுவும் போதாது. 24 வோல்ட் இன்வெர்ட்டரே வேண்டும்.

ஜூன் 6

சிகரெட் லைட்டர் துளையில் 300 வாட் இன்வெர்ட்டர் செருகிப் பல காலமாக மடிக்கணினியையும் சிறு டிவியையும் ஓட்டுவதாகவும், ஒரு குறையும் இல்லை என்றும் இன்னொருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்தத் துளைக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 240 வாட். மடிக்கணினி, டிவி, கைப்பேசி எல்லாம் சேர்ந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் பியூஸ் எரிகிறது என்று அதைவிடப் பெரிய பியூஸைப் போடாதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால் போகும் கம்பி மெல்லியது. அதைக் காப்பாற்றத்தான் பியூஸ்.

பேரங்காடிகளில் கிடைக்கும் சிறு இன்வெர்ட்டர்கள் பல 12 வோல்ட்டுக்கானவை. கார் வைத்திருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்தான் என்று லாரியின் 24 வோல்ட் துளையில் அதைச் செருகினால் அந்த நொடியே போய்விடும்.

ஜூன் 8

இப்போது கம்பி. இந்தக் கேள்வி-பதில் தொடரில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

1200 வாட் மைக்ரோவேவுக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 24 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 57 ஆம்பியர் ஓடும். 2000 வாட் மின்கெட்டிலுக்கு 95 ஆம்பியர். பேட்டரிகள் லாரியின் அடிச்சட்டமான சேஸியின் பக்கவாட்டில் இருக்கும். இன்வெர்ட்டரோ படுக்கைக்கு அடியில். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் எனப் பத்து மீட்டர் கம்பி என்று வையுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால், மைக்ரோவேவ் ஓடும்போது வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். 100 வாட் சூடு கம்பியிலேயே பிறக்கும். அந்தச் சூடு நீங்கள் தலைசாய்க்கும் மெத்தைக்குக் கீழே பிறக்கிறது. 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அந்த அளவுக்குக் குறையாமல் போடுங்கள்.

பியூஸ் பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் பியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது இன்வெர்ட்டரைக் காக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே கம்பி எங்காவது உரசிச் சேஸியைத் தொட்டால், அதை நிறுத்த அந்தப் பியூஸால் முடியாது. எதிர்முனைக் கம்பியையும் பேட்டரி வரை தனியாகக் கொண்டுபோங்கள். கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேபினின் உடம்பையே திரும்பும் வழியாக நம்பினால், ஒரு மெல்லிய பின்னல் பட்டையின் வழியாகத்தான் அத்தனை ஆம்பியரும் ஓடும்.

கேபின் முன்னால் சாய்கிற கீல் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு பணிமனைக்கு வந்த ஒரு லாரியில், வேறெங்கோ பொருத்திய இன்வெர்ட்டர் கம்பி கீலுக்குப் பக்கத்தில் இறுக்கமாகப் போயிருந்தது. கேபினைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் இரும்பு விளிம்பில் உரசி உறை அரைந்து, விரல் நக அளவுக்குச் செம்பு பளபளத்தது. எதிரே இருந்த இரும்பில் பொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி. அது ஒருமுறை தொட்டுவிட்டு விலகியிருக்கிறது. அந்தக் கம்பிக்குப் பேட்டரிப் பக்கத்தில் பியூஸ் இல்லை. பொருத்தியவர் வேகமாக வேலை முடித்திருக்கிறார். அந்தக் கேபினுக்குள் ஒரு மனிதர் இரவில் உறங்குகிறார் என்பதை நினைக்கவில்லை. கீலின் இரு பக்கமும் கம்பியைத் தளர்வாக வளைத்து, நெளிகுழாய்க்குள் விட்டு, கேபினை முழுதாகச் சாய்த்துப் பார்த்த பிறகே கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

ஜூன் 12

"1500 வாட்டுக்கான 24 வோல்ட் இன்வெர்ட்டரே வாங்கிவிடுகிறேன், அதிலேயே சிறு குளிர்பெட்டியையும் இரவெல்லாம் ஓட்டலாமா?" என்று கேள்வி கேட்ட அண்ணா எழுதியிருக்கிறார்.

குளிர்பெட்டியை இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். 24 வோல்ட்டில் நேராக ஓடும் கம்ப்ரஸர் குளிர்பெட்டி கிடைக்கிறது. அது ஓடும்போது 50 வாட் அளவில் இழுக்கும், நடுநடுவே ஓய்ந்து நிற்கும். பத்து மணி நேரத்துக்கு 200 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இன்வெர்ட்டர் ஒன்றும் ஓட்டாமல் விழித்திருக்கவே 15 முதல் 20 வாட் தின்னும். பத்து மணி நேரத்தில் அதுவும் 150 முதல் 200 வாட்-மணி. குளிர்பெட்டி தின்பதற்கு ஈடாக இன்வெர்ட்டரும் தின்கிறது. வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அதன் சொந்தப் பொத்தானிலேயே அணைத்துவிட வேண்டும். மைக்ரோவேவை மட்டும் அணைத்தால் போதாது.

ஜூன் 13

இன்வெர்ட்டரே 21 வோல்ட்டில் நின்றுவிடுமே, பிறகு என்ன பயம் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 21 வோல்ட்டில் பேட்டரி ஏறக்குறைய காலி. அந்த வெட்டு எஞ்சினைக் கிளப்பும் உங்கள் ஸ்டார்ட்டருக்காக வைத்தது அல்ல. சுமை இல்லாமல் ஓய்வாக இருக்கும்போது ஜோடி 25.4 வோல்ட் காட்டினால் நிறைவு, 24.4 காட்டினால் பாதி. லாரியின் பேட்டரிகள் ஒரே மூச்சில் பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்ற மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டவை. ஆழமாகக் காலியாக்கி நிரப்புவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. 180 ஆம்பியர்-மணி ஜோடியிலிருந்து ஓர் இரவில் 36 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 24 வோல்ட்டுக்கு அருகிலேயே சுமையைத் துண்டிக்கும் தனிக் காவல் கருவி உண்டு. அதை வாங்குங்கள்.

ஜூன் 19

மைக்ரோவேவ் ஓட்டும்போதெல்லாம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்று என்னிடம் வேலை செய்துகொள்பவர்களுக்குச் சொல்லி வந்தேன். இந்தக் கணக்குகளை எழுத எழுத, அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் அறிவுரை அல்ல என்று தோன்றுகிறது.

ஐந்து நிமிடம் மைக்ரோவேவ் ஓடினால் பேட்டரியிலிருந்து போவது ஐந்து ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதே அளவுதான். எளிய மின் குக்கரில் சோறு வடிக்கச் சுமார் பத்து ஆம்பியர்-மணி. இரவு உணவுக்கு இவ்வளவுதான் செலவு. பேஹெட் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும்போது எஞ்சின் எப்படியும் ஓடுகிறது. அப்போது சூடாக்கிக்கொள்வது நல்லது. ஆனால் நிறுத்துமிடத்தில் இதற்காகவே எஞ்சினைத் திருகினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் போகும். மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதன் முழு அளவில் பாதிகூட வராமல் போகலாம்.

நான் பார்த்த கெட்ட பேட்டரிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது மைக்ரோவேவ் அல்ல. இரவு முழுவதும் ஓடிய சின்னச் சின்னச் சுமைகள்தான். குறைந்த நேரப் பெரிய சுமைக்குக் கம்பியையும் பியூஸையும் பாருங்கள். நீண்ட நேரச் சிறிய சுமைக்குப் பேட்டரியைப் பாருங்கள். கடைகளிலோ இன்வெர்ட்டர் எத்தனை வாட் என்பதை மட்டுமே பேசுகிறார்கள்.

ஜூன் 20

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும்: டர்பன்–ஜொகன்னஸ்பர்க் வழியிலுள்ள ஹாரிஸ்மித் பக்கம் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். உறைநிலையில் ஈய-அமிலப் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்பட்டு ஸ்டார்ட்டரைக் கூடுதலாக இழுக்க வைக்கும். ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் நான் சொன்ன 36 ஆம்பியர்-மணியை 25 ஆக்கிக்கொள்ளட்டும்.

ஜூன் 29

இன்வெர்ட்டரில் மின் ஹீட்டர் ஓட்டலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி டர்பன்–ஜொகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே நின்றன. அதை நினைத்துத்தான் கேட்கிறார்கள் என்று புரிகிறது.

ஓட்டக்கூடாது. 2000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16,000 வாட்-மணி. உங்கள் இரண்டு பேட்டரிகளையும் கடைசிச் சொட்டு வரை கறந்தாலும் நாலாயிரத்துச் சொச்சம்தான். கேபினுக்கென்று இருக்கும் டீசல் ஹீட்டர் லாரியின் டாங்கியிலிருந்தே எண்ணெய் எடுத்துக்கொண்டு, நேராக 24 வோல்ட்டில் வேலை செய்கிறது. சூட்டை டீசல் தருவதால் அதன் விசிறிக்கும் பம்புக்கும் 15 முதல் 30 வாட் போதும். அதன் புகை வெளியே போகும் குழாய் கேபினுக்கு அடியில் நன்றாக இறுகி இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கைக்கு அடக்கமான எரிவாயு அடுப்பைக் கேபினுக்குள் பற்றவைத்துக் குளிர் காய்வதைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். சன்னல்களை ஏற்றிய கேபினில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அது எந்த எச்சரிக்கையும் தராது. மின்சாரத்தில் சமைப்பதற்கு ஆதரவாக நான் இவ்வளவு எழுதுவதற்கு முதல் காரணமே இதுதான்.

ஜூலை 9

என் அத்தான் பெய்ட்பிரிட்ஜ் வழியாக ஜிம்பாப்வே எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றுகிறவர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் மருத்துவர், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சி-பேப் கருவி கொடுத்திருக்கிறார். எல்லையில் வரிசை நாள்கணக்கில் நீளும்போது அது ஓடாமல் போனால், அடுத்த நாள் அவர் ஓட்டத் தகுதியானவர் அல்ல. அவர் வண்டிக்கு நான் செய்ததை எழுதுகிறேன். இந்தக் கருவி வைத்திருக்கும் ஓட்டுநர்கள் பலர் அதை வெளியே சொல்வதில்லை.

இன்வெர்ட்டர் வைக்கவில்லை. கருவிக்குள் ஓடுவது நேர் மின்சாரம். 24 வோல்ட் நேர் மின்சாரத்தை 230 வோல்ட் மாறு மின்சாரமாக்கி, அதைக் கருவியின் அடாப்டர் மறுபடியும் நேர் மின்சாரமாக்குவது இரண்டு முறை இழப்பதற்குச் சமம். கருவியைச் செய்தவர்களே 24 வோல்ட் வாகனத்துக்கான அடாப்டரைத் தருகிறார்கள். அதற்குத் தனிப் பியூஸோடு ஒரு துளை வைத்தேன். ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் கருவி இழுக்கும் மின்சாரம் பெருமளவு குறைகிறது. ஆனால் அதை அணைப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள் என்று அத்தானிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜூலை 10

தன் வண்டியிலும் இன்வெர்ட்டர் பொருத்தலாமா என்று எரிபொருள் டாங்கர் ஓட்டுபவர் கேட்டதற்கு: உங்கள் வண்டியில் எதையும் பொருத்தாதீர்கள். தீப்பற்றும் சரக்கு வண்டியின் மின் அமைப்பில் உரிமையாளருக்குத் தெரியாமல் கை வைக்கவே கூடாது. மற்ற நிறுவன வண்டிகளிலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜூலை 22

மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது வீட்டு மின்சாரத்தில் வரும் வழுவழுப்பான சைன் அலை அல்ல. படிப்படியாக வெட்டிய அலை. மின்கெட்டிலுக்கும் எளிய சோறு குக்கருக்கும் அதனால் தீங்கில்லை. டிரான்ஸ்பார்மர் உள்ள மைக்ரோவேவ் அதில் உறுமும், சூடும் குறைவாகத்தான் வரும். புதிய வகை மின்னணு மைக்ரோவேவ் சில தொடங்கவே மாட்டா. கட்டுப்பாட்டுப் பெட்டியுள்ள மின் போர்வையும், முகச்சவர இயந்திரம், கைவிளக்கு ஆகியவற்றின் மலிவான சார்ஜர்களும் எரிந்துபோகக்கூடும். மைக்ரோவேவ்தான் நோக்கம் என்றால் தூய சைன் அலை இன்வெர்ட்டரை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதை வாங்கிய எவரும் என்னிடம் திரும்பி வந்து வருந்தியதில்லை.

ஆகஸ்ட் 2

வீட்டிலிருந்து லித்தியம் பேட்டரியை எடுத்து வந்து லாரியின் பேட்டரிகளோடு நேராக இணைக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிடைக்கிற மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டருக்குத் தன்னைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. அந்த நேரத்தில் அது கருகும். நடுவே மின்னோட்டத்தை அளந்து விடும் நேர் மின் சார்ஜர் ஒன்று வேண்டும். அது இருந்தால், லித்தியம்தான் இந்த வேலைக்கு எல்லாவற்றிலும் சிறந்தது. ஸ்டார்ட்டருக்கான பேட்டரிகளை ஒருவரும் தொடமாட்டார்கள். இரவுக்கென்று தனி இருப்பு இருக்கும். ஒரு கட்டுப்பாடு உண்டு: உறைநிலைக்குக் கீழே அதை நிரப்பக் கூடாது. ஆகவே வெளியே சேஸியில் வைக்காமல், கேபினுக்குள் இறுக்கிக் கட்டி வையுங்கள்.

ஆகஸ்ட் 16

கேள்வி கேட்ட அண்ணா 24 வோல்ட், 1500 வாட் தூய சைன் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார். மைக்ரோவேவின் செருகி அதில் சரியாக உட்காரவில்லை என்று படம் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் இருப்பது எல்லா நாட்டுச் செருகிக்கும் பொது என்று விற்கும் துளை. நம் நாட்டின் மூன்று பருத்த உருளைக் கால் செருகிக்கு அது பொருந்தாது. பயணிகள் பயன்படுத்தும் இடைச்செருகியை வைத்துச் சமாளித்தால், 1200 வாட்டுக்கு ஓடும் 5 ஆம்பியர் அந்தத் தளர்ந்த தொடர்பிலேயே சூடாகும். பூமிக் காலும் பல வேளைகளில் தொடாமலே நிற்கும். கடையில் கொடுத்து, நம் ஊர்த் துளை உள்ளதாக மாற்றிக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பது போன்ற 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் தானே அணைப்பது) இந்த இன்வெர்ட்டரின் பின்னால் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும் ஓடட்டும்; ஈரக் கையோடு தொட வேண்டாம். துளையை மாற்றிய பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரை உள்ளே வைத்து ஐந்து நிமிடம் ஓட்டி, இன்வெர்ட்டரை அணைத்துச் செருகியை உருவிவிட்டு, அதன் கால்களையும் பேட்டரிப் பக்கத்துப் பியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு எங்கே இருந்தாலும் அந்த இணைப்பைத் திறந்து மறுபடி இறுக்கும் வரை ஓட்டாதீர்கள். சனிக்கிழமை காலையில் ஜேக்கப்ஸ் பக்கம் வந்தால் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தே பார்த்துவிடலாம்.